சேலைப் படம் ஏன் சுற்றிக்கொண்டே இருக்கிறது?

தீபாவளி நெருங்கினால் மலாக்காவின் மஸ்ஜித் தானா பக்கம் முறுக்கும் சேலையும் கைப்பேசியிலேயே விலைபோகின்றன. வீட்டிலிருந்து விற்கும் அக்காமார்கள் படம் எடுத்து இணையக் கடையில் ஏற்றி, இணைப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். செம்பனைத் தோட்டத்துக்குள் இருந்து திறப்பவருக்கோ வட்டம் சுற்றுகிறதே தவிர சேலை வருவதில்லை. 'லைன் சரியில்லை' என்று சொல்லி மூடிவிடுகிறார். பழியில் பாதி படத்தின் மேல் விழ வேண்டியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மெகாபிக்சல் படம் என்றால் அகலத்தில் 4,000, உயரத்தில் 3,000 புள்ளிகள். புள்ளிக்கு மூன்று நிற எண்கள் வீதம் மொத்தம் 36 மெகாபைட். கைப்பேசி அதைச் சுருக்கி ஜேபெக் கோப்பாகத் தரும்போது 4 மெகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கத்தில் 20 சேலை இருந்தால் 80 மெகாபைட். நொடிக்கு 5 மெகாபிட் கிடைக்கும் லைனில் இது இறங்க 2 நிமிடத்துக்கு மேல் ஆகும். இத்தனைக்கும் பார்க்கிறவரின் திரை அகலம் பெரும்பாலும் 1,080 புள்ளிதான். மீதிப் புள்ளிகளுக்கும் அவர் டேட்டா செலவழிக்கிறார். கண்ணில் ஒன்றுகூடப் படுவதில்லை. அதே படத்தை 1,000 புள்ளி அகலத்துக்குக் குறைத்துப் படம் ஒன்று 100 கிலோபைட் என ஆக்கினால், 20 படமும் மூன்றரை நொடிக்குள் வந்துவிடும்.

கைப்பேசி படத்தை ஜேபெக்காகச் சுருக்குகிறதே, அதற்கு வழி சொன்னவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1972-இல் இதற்காகத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். கிடைக்கவில்லை. யோசனை மிகவும் எளிதாக இருக்கிறது என்று ஒரு மதிப்பீட்டாளர் கருதினாராம்! தி. நடராஜன், கே. ஆர். ராவ் இருவரோடும் சேர்ந்து அவர் எழுதிய சிறிய ஆய்வுக் கட்டுரை 1974 ஜனவரியில் வெளிவந்தது. 1992-இல் வந்த ஜேபெக் தரநிலை அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது.

படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிச் சதுரங்களாக வெட்டுகிறார்கள். சதுரத்தின் 64 புள்ளிகளும் வேறு 64 எண்களாக மாறுகின்றன. முதல் எண் சதுரத்தின் சராசரி. அடுத்தடுத்தவை வரவர நுணுக்கமாகும் அலைகள். நுணுக்கமான அலைகளில் கண்ணுக்கு அக்கறை குறைவு. அதனால் அவற்றை முரட்டுத்தனமாக முழுமையாக்க, பெரும்பாலானவை பூஜ்யமாகிவிடும். வரிசையாக வரும் பூஜ்யங்களை எழுதி வைக்க இடம் அதிகம் வேண்டாம்.

இன்னொரு சிக்கனமும் உண்டு. ஒளி வேறுபாட்டைப் பிடிக்கிற அளவுக்கு நிற வேறுபாட்டை நம் கண் நுணுக்கமாகப் பிடிப்பதில்லை. எனவே நிறத் தகவலை மட்டும் பல கோப்புகளில் கால்வாசியாகக் குறைத்துவிடுகிறார்கள். முறுக்குப் படத்தில் இது தெரியவே தெரியாது. அரக்குச் சேலையில் மெல்லிய பச்சைக் கரை ஓடினால் தெரியும்; கரை கலங்கிப்போகும். படத்தின் மேல் சிவப்பில் விலை எழுதுகிற பழக்கமும் இங்கேதான் அடிபடுகிறது. 'நேரில் வேறு மாதிரி இருக்கிறதே' என்கிற புகாரில் சிறு பங்காவது இந்தக் கணக்கைச் சேரும் என்பது என் எண்ணம். சேலை விற்பவர்கள் சுருக்கும் செயலியில் தரத்தைக் கொஞ்சம் உயர்த்தி வைப்பது நல்லது. முறுக்குக்காரர்கள் தாராளமாகக் குறைக்கலாம்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைச் சேமித்து மறுபடி கடையில் ஏற்றுவது கூடவே கூடாது. அது ஏற்கெனவே ஒருமுறை பிழியப்பட்ட படம்; மறுமுறை பிழிந்தால் சதுரங்கள் வெளியே எட்டிப் பார்க்கும். மூலப்படம் வேண்டுமென்றால் 'ஆவணம்' என்று அனுப்பச் சொல்லி வாங்குங்கள். பிஎன்ஜி வடிவம் கடையின் சின்னத்துக்குச் சரி. எதையும் விடாமல் காப்பதால், புகைப்படத்தை அதில் வைத்தால் கோப்பு ஊதிவிடும். கூகுள் 2010-இல் கொண்டுவந்த வெப்பி (WebP) வடிவம், ஜேபெக்கைவிடக் கால்வாசிக்கு மேல் சிறியது என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு.

சரிகையைப் பெரிதாக்கிப் பார்க்காமல் சேலை வாங்க மாட்டார்களே என்றால், அந்தப் பெரிய படமும் இருக்கட்டும். விரல் வைத்துக் கேட்பவருக்கு மட்டும் அது இறங்குமாறு செய்துவிடலாம். திரைக்குக் கீழே காத்திருக்கும் படங்களையும் வாடிக்கையாளர் அங்கே நகர்ந்து வரும்போது இறக்கினால் போதும்.