உறுதி எமது கையில், கனியம் யார் கையில்?

கரையோரக் கிராமங்களில் பனங்காணிக்கு உறுதி வைத்திருப்போர் பலர். அந்த உறுதி மண்ணிலுள்ள கனியத்தை உள்ளடக்காது என்பதை அறிந்தோர் சிலரே. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் கனியங்களைக் குடியரசின் உடைமையாக்கியது. அவற்றைத் தேடவும் அகழவும் ஏற்றிச்செல்லவும் விற்கவும் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும். எனவே ஒரு கிராமத்தின் மணல் எங்கே போகும் என்பதைக் காணிக்காரர் அல்ல, அரசின் கொள்கையே தீர்மானிக்கிறது.

கரிய மணலிலுள்ள இல்மனைற்றிலிருந்து தைத்தானியம் பெறப்படுகிறது. வெள்ளைப் பெயின்ற் முதல் விமானப் பாகங்கள் வரை அது வேண்டப்படுவதால், வல்லரசுகள் இன்று அதனை இன்றியமையாக் கனியங்களுள் ஒன்றாகக் கணிக்கின்றன. ஆனால் 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்த புல்மோட்டையிலிருந்து, நாம் அதைப் பிரித்தெடுத்த மணலாகவே கப்பலேற்றி வந்துள்ளோம். நிறப்பொருள் செய்யும் ஆலை இங்கு எழவில்லை. இது மண்ணின் குறையன்று, கொள்கையின் குறையென்றே நாம் கருதுகிறோம்.

மன்னார்த் தீவில் இடர் வேறுவகையானது. தீவு கடல் மட்டத்துக்குச் சற்றே உயர்ந்தது. மழைநீர் மணலுக்குள் இறங்கி, உவர்நீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. கிணறுகளில் நாம் அள்ளுவது அந்த நீரையே. மணலை ஆழமாக அகழ்ந்தால் அந்தப் படை என்னாகும்? 2025இல் காற்றாலைகளை எதிர்த்து வீதிக்கு வந்த மக்கள் மணல் அகழ்வையும் சேர்த்தே எதிர்த்தார்கள்.

ஆய்வு அனுமதி அகழும் உரிமை அல்ல, உண்மைதான். ஆயினும் பணம் செலவிட்டுத் துளையிட்டவர் வெறுங்கையோடு திரும்ப விரும்புவாரா? மக்களிடம் கருத்துக் கேட்கும் கட்டம் அதற்குப் பின்னரே வருகிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம், பெருந்திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. அறிக்கை பற்றிய அறிவித்தல் வர்த்தமானியிலும் மும்மொழிப் பத்திரிகைகளிலும் வரும். கருத்துக் கூற 30 நாட்கள். வாடியில் தங்கித் தொழில் செய்பவர் வர்த்தமானியை எங்கே காண்பார்?

ஆகவே கிராம அபிவிருத்திச் சங்கமும் மீனவர் சங்கமும் இப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். அவர் பிரதேச செயலகத்தில் அடிக்கடி விசாரிக்கட்டும். இப்போதிருந்தே கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாதந்தோறும் ஒரு கொப்பியில் திகதியிட்டுக் குறிக்கலாம். 30 நாட்கள் தொடங்கும்போது, அந்தக் கொப்பியின் பிரதியைக் கடிதத்தோடு இணைத்துப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள்.