குப்பி: மாணவர் நடத்தும் வகுப்பு

இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பரீட்சை நெருங்கும்போது மாணவர் தமக்குள் நடத்திக்கொள்ளும் வகுப்புக்குக் குப்பி என்று பெயர். நேர அட்டவணையில் அதற்கு இடமில்லை, வரவுப் பதிவு இல்லை, கற்பிப்பவருக்குச் சம்பளமும் இல்லை. பாடம் விளங்கிய ஒருவர் விளங்காதவர்களைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுப்பார். அவர் அதே பட்ச்சைச் சேர்ந்தவராக இருக்கலாம், ஒரு வருடம் மூத்த சீனியராகவும் இருக்கலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வெறுமையாகக் கிடக்கும் விரிவுரை மண்டபம், மரநிழலில் உள்ள சீமெந்து வாங்கு, பரமேஸ்வராச் சந்தியை அண்டிய போர்டிங் அறை எல்லாம் குப்பிக்கு இடங்கள்தாம். 2020இல் கொரோனாவால் வளாகங்கள் மூடப்பட்டபோது அது சூமுக்கும் வாட்ஸப்புக்கும் இடம்பெயர்ந்தது.

பெயர் குப்பி விளக்கிலிருந்து வந்தது என்பார்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஒரே சொல். சிறு போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கைச் சுற்றி நாலைந்து பேர் இருந்து படிப்பது மற்ற ஊர்களில் பழங்காலத்துப் படிமம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அது பெற்றோர் தலைமுறையின் நினைவு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பிறகு இங்கே மின்சாரம் ஆண்டுக்கணக்கில் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் எளிதில் கிடைக்காத பண்டமானது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரியிட்டு எரித்தார்கள். போத்தலின் சுவர் காற்றை மறித்தது, எண்ணெயும் மிச்சமானது. அந்த வெளிச்சத்தில் உயர்தரத்துக்குப் படித்து வைத்தியராகவும் பொறியியலாளராகவும் ஆனவர்கள் இன்று ஐம்பதை எட்டுகிறார்கள். குப்பி என்ற சொல்லுக்கு இதே மண்ணில் கனத்த இன்னொரு பொருளும் உண்டு. போராளிகளின் கழுத்தில் தொங்கிய நஞ்சும் குப்பிதான். பிள்ளைகள் ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொடுப்பதற்கு அந்தச் சொல் திரும்பி வந்திருப்பது சின்ன விடயம் இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவருக்குக் குப்பி ஏன் தேவைப்படுகிறது என்பதை உயர்தரப் படிப்பிலிருந்து பார்க்க வேண்டும். இலங்கையில் அனுமதி இசட் புள்ளியிலும் மாவட்ட ஒதுக்கீட்டிலும் தங்கியிருக்கிறது. ஒரு புள்ளியின் தசமப் பகுதி மருத்துவ பீடத்தையும் வேறு பீடத்தையும் பிரித்துவிடும். அதனால் பிள்ளை பள்ளிக்கூடத்திலிருந்து ரியூட்டரிக்கும் ரியூட்டரியிலிருந்து இன்னொரு ரியூட்டரிக்கும் சைக்கிள் மிதிக்கிறது. அங்கே ஆசிரியர் தெரிந்தெடுத்த குறிப்பு, ஆசிரியர் ஊகித்த வினா, ஆசிரியர் எழுதிக்காட்டிய விடை. உழைப்பில் குறையில்லை. எதைப் படிப்பது, எவ்வளவு படிப்பது, தனக்கு விளங்கிவிட்டதா என்ற மூன்று தீர்மானங்களும் மட்டும் மாணவரின் கையில் இருந்ததில்லை. கம்பஸில் முதல் செமஸ்டரிலேயே அந்த மூன்றும் ஒன்றாக வந்து விழுகின்றன. விரிவுரையாளர் ஒரு மணித்தியாலம் பேசிவிட்டு நான்கு நூல்களின் பெயரைச் சொல்லிப் போய்விடுவார்.

மொழி இரண்டாவது சுவர். தமிழில் உயர்தரம் படித்தவர் விஞ்ஞானம், மருத்துவம், பொறியியல் பீடங்களில் ஆங்கிலத்தில் கற்க வேண்டியிருக்கிறது. விரிவுரையில் ஆங்கிலமாக ஓடிய பாடம் குப்பியில் யாழ்ப்பாணத் தமிழுக்குள் இறங்குகிறது. கலைச்சொல் ஆங்கிலத்திலும் அதை விளக்கும் வாக்கியம் தமிழிலும் இருக்கும். இலக்கணச் சுத்தம் பார்ப்பவருக்கு அது கலப்படமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு கருத்து மாணவரின் சொந்தச் சொல்லாக மாறுவது அந்த இடத்தில்தான். சிங்கள மாணவரும் கணிசமாகப் படிக்கும் பீடங்களில் சிங்களக் குப்பி தனியே, தமிழ்க் குப்பி தனியே என்று நடந்துவிடும். இரு தரப்பும் தடுமாறும் ஆங்கிலத்திலேயே இடைக்கிடை ஒன்றாகக் கூடினால் பாடத்தோடு மொழியும் வளரும், ஆட்களும் அறிமுகமாவார்கள்.

மாணவரே மாணவருக்குக் கற்பிப்பது தமிழருக்குப் புதிதில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை இருந்தார். 1789இல் சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர் இல்லமொன்றின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரு பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மூத்த மாணவர் இளையவருக்குக் கற்பிக்கும் ஒழுங்கை அங்கே அமைத்தார். 1797இல் அதை அவர் நூலாக எழுத, சென்னை முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. இரு நூற்றாண்டு கழித்து, ஹார்வர்டில் பௌதிகம் கற்பித்த எரிக் மசூர் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்தார். தன் விளக்கத்தில் தெளியாத மாணவர், பக்கத்தில் இருப்பவரோடு வாதிட்டுத் தெளிவதை 1990களின் தொடக்கத்தில் கவனித்து, அதையே கற்பித்தல் முறையாக்கினார். நேற்று விளங்கிக்கொண்டவருக்குத் தான் எங்கே இடறினோம் என்பது இன்னும் நினைவிருக்கும். முப்பது வருடமாகக் கற்பிப்பவருக்கு அந்த இடறல் மறந்துபோயிருக்கும்.

ஆனாலும் குப்பியில் அதிகம் பெறுபவர் அதை எடுப்பவர்தான். கேட்டிருப்பவர் தலையாட்டலாம். சொல்பவர் நினைவிலிருந்து எடுத்து, ஒழுங்குபடுத்தி, குறுக்குக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டும். நினைவிலிருந்து எடுப்பதன் வலுவை 2006இல் வெளியான ரோடிகர், கார்பிக்கே ஆகியோரின் ஆய்வு தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதியை மீண்டும் வாசித்த மாணவரும், வாசித்ததைப் பாராமல் எழுதிப்பார்த்த மாணவரும் ஒப்பிடப்பட்டார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் வாசித்தவர்கள் சற்று முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்து, எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 வீதம் நினைவிருந்தது, மீண்டும் வாசித்தவர்களுக்கு 42 வீதம். விடிய விடிய கொப்பியைப் புரட்டுபவருக்கு எல்லாம் தெரிந்தது போன்ற நிம்மதி கிடைப்பதும், அது பரீட்சை மண்டபத்தில் கைவிடுவதும் இதனால்தான்.

குப்பி கெட்டுப்போகும் வழிகளும் உண்டு. பரீட்சைக்கு முதல்நாள் இரவு பாஸ்ட் பேப்பரை மட்டும் செய்து, எது வரும், எது வராது என்று பார்க்கும் குப்பி, சம்பளம் வாங்காத ரியூசன்தான். சீனியர் ஒருவர் பிழையாக எழுதிய நிறுவல் திருத்துவாரில்லாமல் பட்ச் பட்ச்சாகக் கைமாறும். ஆண்கள் விடுதியில் இரவில் நடக்கும் குப்பிக்கு மாணவியர் போக முடியாது. எல்லாவற்றிலும் கொடியது, பகிடிவதைக்கு உடன்படாத புதுமுக மாணவருக்குக் குறிப்பும் குப்பியும் கிடைக்காமல் ஒதுக்கிவைக்கும் வழக்கம். பகிடிவதையை 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்தது. ஆனால் குப்பிக்குக் கூப்பிடாமல் விடுவதை எந்தச் சட்டம் பிடிக்கும்? அறிவைக் கீழ்ப்படிவுக்குக் கூலியாகக் கொடுக்கும் இடத்தில் கற்றல் நடப்பதில்லை. இதை மாற்றும் பொறுப்பு முதலில் குப்பி எடுக்கும் மாணவருக்கே உரியது. கதவை எல்லாருக்கும் திறந்துவைக்க அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஆசிரியரின் இடம் எது என்பதற்குக் குடாநாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1924இல் வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த ஹண்டி பேரின்பநாயகம் முன்னின்று உருவாக்கியது யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. சாதி ஒதுக்கலை எதிர்ப்பது, தாய்மொழிக் கல்வி, நாட்டின் முழு விடுதலை ஆகியவற்றை மாணவரும் இளம் ஆசிரியரும் கூடி விவாதித்தார்கள். 1927 நவம்பரில் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இந்த அமைப்பின் அழைப்பில். பின்னாளில் வாலிபர் காங்கிரஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டு, 1931இல் அரசாங்க சபைத் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்யும் அளவுக்கு அது வளர்ந்தது. அந்தப் பகிஷ்கரிப்பு சரியா என்ற விவாதம் இன்னும் தீரவில்லை. கல்வியைப் பொறுத்தவரை முக்கியமானது வேறு. தாங்கள் எடுத்த தீர்மானத்துக்குத் தாங்களே பதில் சொல்ல வேண்டிய நிலையில் வைக்கப்பட்டதால் அந்த மாணவர் வாசித்தார்கள், எழுதினார்கள், மேடையில் நின்றார்கள்.

இன்றைய விரிவுரையாளர் குப்பிக்குள் போய் உட்கார்ந்தால் அது இன்னொரு விரிவுரையாகிவிடும். குப்பியில் தீராத கேள்விகளைக் கொண்டுவரச் சொல்லி, அடுத்த வகுப்பை அவற்றிலிருந்து தொடங்கினால் போதும். கைமாறிவந்த பிழைகளும் அங்கே பிடிபடும். வாசிப்புப் பட்டியலைக் கொடுப்பதோடு நில்லாமல், ஒரு நூலையாவது தேடிப்பிடிக்கும் வேலையை மாணவரிடம் விடலாம். கலைப்பீட மாணவருக்கு, 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. ஈழத்துப் பழைய நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் அதில் இலவசமாகக் கிடைக்கின்றன.

குப்பியைத் தொடங்க ஸ்டடி லீவ் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. செமஸ்டரின் மூன்றாம் வாரத்தில் நாலு பேர் கூடினால் போதும். ஒருவரே எப்போதும் எடுக்காமல் அதிகாரத்துக்கு ஒருவராக மாறி எடுக்கலாம். அந்த முறை வருபவர் பாடத்தில் கெட்டிக்காரராக இருக்க வேண்டும் என்பதுமில்லை. பின்வாங்கில் இருந்து கேட்டுப் பழகிய ஒருவர் வெண்கட்டியை வாங்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் போய்த் தடுமாறி, மற்ற மூவரும் எடுத்துக்கொடுக்க, அரை மணித்தியாலத்தில் ஒரு நிறுவலை முடித்துவிட்டு வந்து அமர்வார். அடுத்த கிழமை எந்த அதிகாரம் என்று முதலில் கேட்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார்.