கார் பாகங்களில் குட்டி லோடர்: காயலான் கடையில் எது கிடைக்கும், எது கிடைக்காது?

1950-களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ரோத்சே என்ற சின்ன ஊர். அங்கே வான்கோழிப் பண்ணை வைத்திருந்த ஒரு விவசாயிக்குப் பெரிய தலைவலி. கொட்டகைக்கு இரண்டு தளம். கழிவை அள்ள டிராக்டரை உள்ளே விட்டால், தூண்களுக்கு நடுவே திரும்பாது. மேல் தளம் அதன் எடையைத் தாங்காது.

அவர் போய் நின்றது, வெல்டிங் பட்டறை நடத்திய சிரில் கெல்லர், லூயிஸ் கெல்லர் சகோதரர்களிடம். பழைய இரும்பு, கழற்றிப் போட்ட பாகங்கள் எனக் கைக்குக் கிடைத்ததை வைத்து அவர்கள் மூன்று சக்கர வண்டி ஒன்றைச் செய்தார்கள். 1957 பிப்ரவரியில் அது பண்ணைக்குப் போனது. இன்று ‘பாப்கேட்’ என்ற பெயரில் உலகம் முழுக்க ஓடும் குட்டி லோடருக்குத் தாத்தா அதுதான்.

பழைய கார், வேன் பாகங்களை வைத்து வீட்டுப் பட்டறையில் லோடர் கட்டுபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீடியோவில் பார்த்தால் ரொம்ப ஈஸியாகத் தெரியும். உண்மையில் எது ஈஸி, எது ஆபத்து?

குட்டி லோடரில் என்ன ஸ்பெஷல்?

தூக்குவது இல்லை, திரும்புவதுதான். மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாட்டை இழுத்துப் பிடித்து, இன்னொன்றை நடக்க விட்டால் வண்டி திரும்பிவிடும். இதிலும் அதே கதைதான். இடது பக்கச் சக்கரங்கள் தனி, வலது பக்கச் சக்கரங்கள் தனி. ஒரு பக்கம் முன்னே, மறுபக்கம் பின்னே ஓடினால் வண்டி நின்ற இடத்திலேயே சுற்றும். ஸ்டீயரிங்கே தேவையில்லை.

பழைய காரிலிருந்து எதை எடுக்கலாம்?

இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில். இந்த மூன்றும்தான் அடிப்படை.

பின் ஆக்சிலில் இருக்கும் டிஃபரன்ஷியலுக்கு ஒரு குணம் உண்டு. ஒரு சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால், சுழற்சி மொத்தமும் அடுத்த சக்கரத்துக்குப் போய்விடும். அதனால் இரண்டு சக்கரத்துக்கும் தனித்தனி பிரேக் வைத்தாலே வண்டி சட்டென்று திரும்பும். டிராக்டரில் இரண்டு பிரேக் பெடல் இருப்பது இதற்காகத்தான்.

இன்னொரு பிரச்னை வேகம். கார் ஓடப் பிறந்தது. லோடர் ஊர்ந்து போக வேண்டியது. அதனால் சிலர் ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு கியர்பாக்ஸை இணைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். வேகம் குறையும்போது இழுவைச் சக்தி கூடும்.

தூக்கும் சக்தி எங்கிருந்து வருகிறது?

காரின் பவர் ஸ்டீயரிங் பம்ப்பைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. ஒரு சின்னக் கணக்கு: 5 செ.மீ. விட்டமுள்ள ஹைட்ராலிக் சிலிண்டரின் உள்பரப்பு சுமார் 20 சதுர செ.மீ. பம்ப் 100 பார் அழுத்தம் கொடுத்தால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் சுமார் 100 கிலோ. மொத்தம் 2,000 கிலோ, அதாவது 2 டன் தள்ளுவிசை!

ஆனால் அவசரப்படாதீங்க. சிலிண்டர் தள்ளுவது கீலுக்குப் பக்கத்தில். பக்கெட் அதைவிட 5 மடங்கு தூரத்தில் இருந்தால், அங்கே கிடைப்பது தோராயமாக 400 கிலோ. அதிலும் தூக்கும் கைகளின் எடை, பக்கெட்டின் எடை கழியும். தவிர, ஸ்டீயரிங் பம்ப் தள்ளும் ஆயிலின் அளவு குறைவு. தூக்கும், ஆனால் மெதுவாகத் தூக்கும்.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல், கவிழ்வது. சர்வதேசக் கணக்குப்படி, சக்கர ஸ்கிட் லோடர் எந்த எடையில் முன்பக்கம் சாயுமோ, அதில் பாதியைத்தான் தூக்க அனுமதி. வீட்டில் கட்டும் வண்டிக்கு அந்த எடை எவ்வளவு என்றே பல நேரம் யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. பக்கெட்டை உயரத் தூக்கியபடி சரிவில் போனால் நிலைமை இன்னும் மோசம்.

இரண்டாவது, நசுங்குவது. ஓட்டுநர் உட்காருவதே இரண்டு தூக்கும் கைகளுக்கு நடுவில். ஹோஸ் வெடித்தால் கைகள் தடாலென்று கீழே விழும். அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நயோஷ் 1998-ல் இந்த இயந்திரங்கள் பற்றி வெளியிட்ட எச்சரிக்கை, கைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியும், வண்டி கவிழ்ந்தும் நேர்ந்த மரணங்களைப் பற்றியதுதான்.

மூன்றாவது, கண்ணுக்கே தெரியாதது. ஹோஸில் ஊசித் துளை விழுந்தால், பீய்ச்சும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும். உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரலாம். கசிவைத் தேட விரலை வைக்கவே கூடாது. அட்டைத் துண்டுதான் வைக்க வேண்டும்.

அப்போ செய்யவே கூடாதா?

செய்யலாம். ஆனால் காயலான் கடையில் வாங்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் வேண்டும்.

* ஹைட்ராலிக் ஹோஸ்: அழுத்த அளவு பார்த்துப் புதிதாக வாங்க வேண்டும்.
* பிரஷர் ரிலீஃப் வால்வ்: இது இல்லாமல் பம்ப்பை ஓட்டவே கூடாது.
* கைகளைத் தூக்கி நிறுத்தும் லாக்: கீழே குனிந்து வேலை பார்க்கும் முன் இரும்புத் தாங்கல் கட்டாயம். ஆயில் அழுத்தத்தை நம்பக் கூடாது.
* ஓட்டுநர் கூண்டு, சீட் பெல்ட்: கூண்டுக்கென்றே ஐஎஸ்ஓ 3471 என்ற தரநிலை இருக்கிறது. கிடைத்த பைப்பை வளைத்து வெல்டிங் வைத்தால் கூண்டு மாதிரி தெரியும். கவிழும்போது தாங்குமா என்பது வேறு விஷயம்.

கெல்லர் சகோதரர்களும் முதல் வண்டியோடு நிறுத்தவில்லை. அதன் பெல்ட் அமைப்பு சரிப்பட்டு வராததால் கிளட்ச் முறைக்கு மாறினார்கள். 1958-ல் மெல்ரோ நிறுவனம் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1960-ல் நான்கு சக்கரம் வந்தது, 1962-ல் பாப்கேட் என்ற பெயர் வந்தது. 2023-ல் அமெரிக்காவின் தேசியக் கண்டுபிடிப்பாளர்கள் பட்டியலில் இருவரும் இடம்பிடித்தார்கள்.

அடுத்த முறை இப்படி ஒரு வீடியோ கண்ணில் பட்டால், எவ்வளவு மண் அள்ளுகிறது என்று பார்ப்பதற்கு முன் இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஓட்டுநர் தலைக்கு மேல் கூண்டு இருக்கா? தூக்கிய கையைத் தாங்க லாக் இருக்கா? இரண்டும் இல்லையென்றால் அந்த வண்டி இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை.