தெஹுவா வெண்பீங்கான் சிற்பங்களில் கைவினைஞர் முத்திரை: படித்தலும் காலம் கணித்தலும்

ஆய்வுச் சுருக்கம்

சீனாவின் ஃபூஜியன் மாகாணத்துத் தெஹுவாவில் உருவான வெண்பீங்கான் சிற்பங்கள் பலவற்றின் முதுகில் கைவினைஞர் பெயர் பொறித்த முத்திரை காணப்படுகிறது. புகழ்பெற்ற பெயர்கள் பிற்காலத்திலும் பொறிக்கப்பட்டமையால், பெயரை மட்டும் கொண்டு காலத்தை வரையறுப்பது பிழைக்கு இடந்தரும். முத்திரையின் சொல், பதிந்த முறை, மண், மெருகுப்பூச்சு ஆகியவற்றை ஒருங்கே நோக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தெஹுவா, வெண்பீங்கான், குவான்யின், முத்திரை, காலக்கணிப்பு.

முன்னுரை

தெஹுவா, சுவான்ஜோ துறைமுகத்திற்கு உள்நாட்டில் அமைந்த மலைப்பகுதி. தமிழ்க் கல்வெட்டாய்வாளர் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டால் அறிந்த துறைமுகம் அதுவே. மிங் ஆட்சியின் இறுதிக்காலத்தில் தெஹுவாவின் சிற்பத்தொழில் சிறப்புற்றது. குவான்யின், போதிதருமர் முதலிய உருவங்கள் வண்ணம் தீட்டப்படாமல் வெண்மெருகு ஒன்றினாலேயே அழகு பெற்றன. இவற்றை வடித்தவர்களுள் மிகுபுகழ் பெற்றவர் ஹெ சாவ்ஜொங். அப்புகழே இன்றைய ஆய்வாளரின் இடர்ப்பாட்டிற்கும் காரணமாகிறது.

முத்திரையின் சொற்கள்

சதுர முத்திரையில் நான்கு எழுத்துகள் பழைய முத்திரை எழுத்துவடிவில் அமையும். வலப்பத்தியை மேலிருந்து கீழாகப் படித்துப் பின் இடப்பத்திக்குச் செல்லவேண்டும். ‘ஹெ சாவ்ஜொங் யின்’ என்பதில் ‘ஹெ’ குடிப்பெயர், ‘சாவ்ஜொங்’ இயற்பெயர், ‘யின்’ முத்திரை எனப் பொருள்படும். சுரைக்குடுவை வடிவ முத்திரைகளும் உண்டு.

எல்லாப் பொறிப்பும் ஆட்பெயர் அன்று. குவாங்டொங் மாகாணத்து ஷிவான் சிற்பங்களில் ‘பான் யூஷு ஜி’ எனக் காணின், ‘பான் யூஷு செய்தது’ என்பது பொருள். ‘ஷிவான்’ என்று மட்டும் காணின் அது ஊர்ப்பெயர். ஆங்கில எழுத்தில் ‘சைனா’ எனப் பொறித்திருப்பின், அது பெரும்பாலும் 1890ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டத்திற்குப் பிற்பட்ட ஏற்றுமதிப் பொருளாகும். இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என அச்சட்டம் விதித்தது. எனினும் அச்சொல் இல்லாமை பழமைக்குச் சான்றாகாது. உள்நாட்டு விற்பனைக்கு உருவானவற்றில் அது தேவைப்படவில்லை. ஒட்டிய தாள்கள் உதிர்ந்தும் போயிருக்கலாம்.

பதிவின் தன்மை

ஈரமண்ணில் பதித்துப் பின் மெருகிட்ட முத்திரையில், மெருகு எழுத்தின் பள்ளங்களில் தேங்கி விளிம்புகளை மழுக்கியிருக்கும். சுட்டபின் செதுக்கிய முத்திரையில் மெருகு உடைந்து, விளிம்பு கூர்மையாகவும் உள்மண் வெளிப்பட்டும் தோன்றும்.

மூலச் சிற்பத்தின்மீதே அச்செடுத்து உருவாக்கிய நகலில் முத்திரையும் உடன் படியெடுக்கப்படும். மண் உலரும்போதும் சுடும்போதும் சுருங்குவதால், நகலின் உருவமும் முத்திரையும் மூலத்தினும் சிறுத்துவிடும். எழுத்து ஆழம் குன்றும். விரல்நுனி, ஆடைமடிப்பு ஆகியவையும் கூர்மை இழக்கும். ஆகவே முத்திரையை மில்லிமீட்டர் அளவில் அளந்து, ஐயத்திற்கிடமற்ற சிற்பங்களின் அளவோடு ஒப்பிடுவது பயன்தரும். கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பது போன்ற முறை மெருகு தேங்கிய சிறு முத்திரைக்குப் பொருந்தாது. சாய்வொளியில் எடுத்த ஒளிப்படமே எழுத்தைத் தெளிவாகக் காட்டும்.

மண்ணும் மெருகும்

பழம்பெயரைத் தாங்கிய புதிய முத்திரையைச் செய்துகொள்வது எவர்க்கும் எளிது. அந்நிலையில் முடிவு கூற உதவுவது சிற்பத்தின் உடலே. மிங் இறுதிக்காலத் தெஹுவா மெருகு பொதுவாகத் தந்தநிறச் சாயல் உடையது. சிங் காலத்திற்குரிய பலவற்றில் நீலச்சாயல் கலந்த வெண்மை காணப்படும். உட்கூட்டையும் நோக்கவேண்டும். மண்ணை அச்சில் விரலால் அழுத்தி உருவாக்கியதில் விரற்சுவடும் ஏற்றத்தாழ்வான கனமும் இருக்கும். கரைத்த மண்கூழை அச்சில் ஊற்றி வார்த்ததில் உட்புறம் வழவழப்பாகவும் கனம் சீராகவும் அமையும்; இது தற்கால உற்பத்தியைச் சுட்டும். இவற்றுள் எதுவும் தனித்து நின்று முடிவு தராது. பல கூறுகள் ஒரே திசையைக் காட்டும்போதே கணிப்பு வலுப்பெறும்.

முடிவுரை

முத்திரை ஓர் உரிமைக்கூற்று. சான்று ஆவதற்கு முன் அது சோதிக்கப்படவேண்டும். அட்டவணைப் பதிவில் ‘ஹெ சாவ்ஜொங் படைப்பு’ என எழுதுவதற்கும் ‘ஹெ சாவ்ஜொங் முத்திரை உடையது’ என எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. முன்னது தவறாயின், அச்சிற்பமே அடுத்த ஆய்வாளரின் ஒப்பீட்டு அளவுகோலாகி, ஒரு பிழை பல பிழைகளுக்கு வித்தாகும். ஆதலின் முத்திரையின் வாசகத்தை ஒரு பத்தியிலும், காலக்கணிப்பையும் அதன் காரணங்களையும் வேறு பத்தியிலும் பதிவுசெய்தல் தகும்.