பெண்கள் விளையாட்டு: சலுகையா, சட்ட உரிமையா?

திருவனந்தபுரம்: 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் 4x400 மீட்டர் தொடர் ஓட்ட இறுதிச் சுற்றில் ஓடிய இந்திய மகளிர் நால்வரில் மூவர் கேரளத்தவர்: பி.டி. உஷா, எம்.டி. வல்சம்மா, ஷைனி ஆபிரகாம்.

இவர்களுள் உஷா, 1976-ல் மாநில அரசு கண்ணூரில் தொடங்கிய விளையாட்டுப் பிரிவில் உருவானவர். வல்சம்மாவின் திறமை பாலக்காடு மெர்சி மகளிர் கல்லூரியில் மெருகேறியது. ஷைனியோ திருவனந்தபுரம் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளியிலும் பாலா அல்போன்சா மகளிர் கல்லூரியிலும் பயின்றவர். தலைநகரையொட்டிய காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி 1985-ல் தொடங்கப்பட்டது.

இத்தனை பெருமைக்குப் பிறகும், விளையாட்டில் பெண்களுக்குரிய பங்கைக் கல்லூரிகள் தந்தாக வேண்டும் என்று தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இல்லை. விடுதி, பயிற்சியாளர், உதவித்தொகை ஆகிய அனைத்தும் அரசின் கருணையையும் நிர்வாகத்தின் ஆர்வத்தையும் நம்பியே உள்ளன.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்கள் பாலினப் பாகுபாடு காட்டக் கூடாது என 1972-ல் சட்டம் இயற்றப்பட்டது. கால்பந்து அணிகளில் ஆடவர் பெரும் எண்ணிக்கையில் இடம்பெறுவதால், அதற்கு ஈடாக மகளிர் அணிகளைத் தொடங்க வேண்டிய கட்டாயம் பல்கலைக்கழகங்களுக்கு ஏற்பட்டது. அப்படி வாய்ப்புப் பெற்ற ஆட்டங்களுள் ஒன்றுதான், பந்தை உருட்டிப் பத்துக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங்.

பொழுதுபோக்கு விடுதிகளின் ஆட்டமாகக் கருதப்பட்ட இதற்கு, பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2004 முதல் தேசிய சாம்பியன் போட்டி நடத்துகிறது. அதுவும் மகளிருக்கு மட்டும். கறுப்பின மாணவர்களுக்கென உருவான கல்லூரிகள் இதில் முன்னணியில் நின்றன. அவற்றுள் ஒன்றான மேரிலாண்ட் ஈஸ்டர்ன் ஷோர் 2008, 2011, 2012 ஆகிய ஆண்டுகளில் பட்டம் வென்றது. புகழ்பெற்ற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் எல்லா விளையாட்டுகளையும் சேர்த்துப் பெற்ற முதல் என்.சி.ஏ.ஏ. பட்டமே, 2007-ல் அதன் மகளிர் பவுலிங் அணி வென்று தந்ததுதான் என்பது குறிப்பிடத்தக்கது.

கேரளக் கல்லூரிகள் பவுலிங் ஆட வேண்டும் என்பதல்ல இங்கே கருத்து. மகளிருக்குச் சிறப்பு ஏற்பாடு செய்ய அரசியல் சட்டத்தின் 15(3)-வது பிரிவு இடமளிக்கிறது. விளையாட்டு, மாநிலப் பட்டியலில் உள்ள பொருள். ஒலிம்பிக் இறுதிச் சுற்றுக்கு மூவரை அனுப்பிய மாநிலம், இச்சட்டத்தையும் முதலில் இயற்றி வழிகாட்டலாம்.