கடை மூடியிருக்கும் மூன்று நாள்

2018 ஆகஸ்ட் 11 இரண்டாம் சனிக்கிழமை, வங்கிகளுக்கு விடுமுறை. புனேயின் காஸ்மாஸ் கூட்டுறவு வங்கி பூட்டிக் கிடந்த அன்று, 28 நாடுகளில் உள்ள ஏடிஎம்களில் திருடர்கள் அந்த வங்கி அட்டைகளின் போலி நகல்களைச் செருகி, சில மணி நேரத்துக்குள் சுமார் 12,000 முறை பணம் எடுத்தார்கள். இந்தியாவுக்குள் இன்னும் 2,800 முறை. கணக்கில் பணம் இருக்கிறதா என்ற கேள்வி வங்கியின் மையக் கணினிக்குப் போய்ச் சேரவே இல்லை. இடையில் புகுந்திருந்த தீநிரலே ‘கொடுக்கலாம்’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை ஹாங்காங் வங்கி ஒன்றுக்கு மேலும் சுமார் 14 கோடி ரூபாய் போனது. மொத்த இழப்பு 94 கோடி.

இப்படிப்பட்ட திருட்டுகளில் பூட்டு விடுமுறையன்று பலவீனமாகிவிடுவதில்லை. திருட்டு நடப்பதற்கும் அது முதல் ஆளின் கண்ணில் படுவதற்கும் இடைப்பட்ட நேரம்தான் நீள்கிறது. 2016 பிப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியைக் கொள்ளையிட்டவர்கள் இந்த நேரத்தை நாட்காட்டியைப் பார்த்தே கணக்கிட்டிருந்தார்கள். அவர்கள் உள்ளே நுழைந்து ஓராண்டு ஆகியிருந்தது. ஆனாலும் வியாழன் இரவு வரை காத்திருந்தார்கள். வெள்ளியும் சனியும் டாக்காவுக்கு விடுமுறை, ஞாயிறு நியூயார்க்குக்கு, திங்கள் சீனப் புத்தாண்டு என்பதால் மணிலாவுக்கு. பரிமாற்றங்களை அச்சிட்டுத் தரும் பிரிண்டரையும் முடக்கியிருந்தார்கள்; வழக்கமான கோளாறு என்று ஊழியர்கள் நினைத்தார்கள். பிலிப்பைன்ஸ் போன 8.1 கோடி டாலரில் பெரும்பகுதி திரும்பவில்லை. இலங்கைக்குப் போன 2 கோடி டாலர் மட்டும், பெறுபவர் பெயரில் இருந்த எழுத்துப்பிழையை இடையில் ஒரு வங்கி கவனித்துக் கேள்வி கேட்டதால் திரும்பியது. ஈராண்டு கழித்துக் கும்பகோணத்தின் சிட்டி யூனியன் வங்கியிலும் பிரிண்டர்தான் முதலில் முடங்கியது. ஆனால் 2018 பிப்ரவரி 7 வேலை நாள். காலையில் கணக்குச் சரிபார்த்தவர்கள் மூன்று போலிப் பரிமாற்றங்களைக் கண்டுபிடித்தார்கள், அவற்றில் 5 லட்சம் டாலர் அப்போதே தடுக்கப்பட்டது.

வங்கிகளின் கதை நமக்கு எதற்கு என்று கள்ளக்குறிச்சி அரிசி ஆலைக்காரரோ சின்னசேலம் ஜவ்வரிசி ஆலைக்காரரோ கேட்கலாம். முன்பு விடுமுறையென்றால் வங்கிப் பணமும் பெரும்பாலும் ஓய்வெடுத்தது. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ் ஆகியவை 24 மணி நேரமும் இயங்குகின்றன. வியாபாரத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் மாட்டுப் பொங்கலன்று நள்ளிரவிலும் ஆலையின் கணக்கிலிருந்து லட்சங்கள் வெளியேற முடியும். ஆலை அலுவலகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் இறங்கிவிட்டது, உள்ளே வைஃபை பெட்டியின் பச்சை விளக்கு மினுக்குகிறது, டேலி என்ற கணக்கு மென்பொருள் இருக்கும் கணினி அணைக்கப்படவில்லை. கணக்குப் பார்ப்பவர் வெளியூரிலிருந்தே இயக்க வசதியாக எனிடெஸ்க் திறந்திருக்கிறது; அதன் கடவுச்சொல் மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கிறது. ஓடிபி வரும் செல்போனோ முதலாளியின் சட்டைப்பையில், குடும்பத்தோடு வெள்ளிமலைக்கு ஏறிக்கொண்டிருக்கிறது. கல்வராயன் மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைப்பதில்லை. சமவெளியில் திடீரென்று சிக்னல் போனால், யாரோ நம் எண்ணுக்கு வேறு சிம் வாங்கிவிட்டார்களோ என்று சந்தேகிக்கலாம். மலையில் அந்த அறிகுறிக்கு அர்த்தமே இல்லாமல் போகிறது. சிம் மாற்றியபின் 24 மணி நேரம் குறுஞ்செய்திகளை நிறுத்திவைக்கும் விதி இருக்கிறது என்பது உண்மைதான். மூன்று நாள் விடுமுறையில் அந்த 24 மணி நேரம் முதல் நாளோடு முடிந்துவிடும்.

‘எங்களைப் போன்ற சின்ன ஆளை யார் தேடி வருவார்கள்?’ என்ற மறுப்பு நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் யாரும் பெயர் சொல்லித் தேடுவதில்லை. திறந்த கதவுகளை நிரல்களே இணையம் முழுக்கத் துழாவுகின்றன. 2021 ஜூலை 2, அமெரிக்கச் சுதந்திர தின விடுமுறைக்கு முந்தைய வெள்ளி. பிறர் கணினிகளைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் கசேயா மென்பொருளின் ஓட்டை வழியாக ரான்சம்வேர் புகுந்து, 800 முதல் 1,500 வரையிலான நிறுவனங்களின் கோப்புகளைப் பூட்டியது. அவற்றில் பெரும்பாலானவை சிறு நிறுவனங்கள். அடுத்த மாதமே, விடுமுறைகளிலும் வார இறுதிகளிலும் இத்தகைய தாக்குதல்கள் அதிகரிப்பதாக எஃப்பிஐ எச்சரித்தது. ‘அப்படியானால் மெயினை அணைத்துவிட்டுப் போகிறேன்’ என்பவர் பாதி சரி. அணைக்க முடிந்ததையெல்லாம் அணைக்கத்தான் வேண்டும். டேலியின் நகலை ஒரு ஹார்ட் டிஸ்கில் எடுத்து, அதைக் கணினியிலிருந்து கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோவது அதைவிட முக்கியம், ஏனென்றால் செருகியே கிடக்கும் நகலும் சேர்ந்து பூட்டப்படும். ஆனால் மின்னஞ்சலும் வங்கிக் கணக்கும் ஆலைக்குள் இல்லை. மெயினை அணைத்தால் அவை அணைவதில்லை. அதனால்தான் புறப்படும் முன் நெட் பேங்கிங்கில் அன்றாடப் பரிமாற்ற வரம்பைச் சில ஆயிரங்களுக்குக் குறைத்து வைக்கச் சொல்கிறேன். செலவில்லாத வேலை, திருடன் உள்ளே வந்தாலும் அள்ளும் அளவு சுருங்கிவிடும்.

வாடிக்கையாளரின் தவறில்லாமல் வெளியாள் செய்த மோசடியை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் இழப்பு அவர் தலையில் விழாது என்று ரிசர்வ் வங்கி 2017-ல் விதித்தது. விடுமுறை இதில் கணக்கில்லையே என்று சிலர் தைரியமாக இருக்கிறார்கள். ஒட்டிவைத்த கடவுச்சொல் வாடிக்கையாளரின் கவனக்குறைவாகவே பார்க்கப்படும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. போன பணமும் வேலை நாளுக்காகக் காத்திருக்காது, நிமிடங்களில் நான்கைந்து கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் உடனே சொன்னால்தான் வழியில் மறிக்க முடியும். ஆகவே விடுமுறையில் காலையும் மாலையும் கணக்கின் இருப்பையும் வந்த செய்திகளையும் பத்து நிமிடம் பார்க்க, சிக்னல் உள்ள இடத்தில் ஓர் ஆள் வேண்டும். பண்டிகையிலும் வேலையா என்று ஊழியர் முகம் சுளித்தால் அது நியாயம். அதற்குத் தனிச் சம்பளம் கொடுக்க வேண்டும், முறை வைத்து ஆளை மாற்ற வேண்டும். கணக்கில் கையெழுத்து உரிமையுள்ள மகனோ மனைவியோ பங்குதாரரோ அந்தப் பொறுப்பை ஏற்பது இன்னும் நல்லது. வங்கியின் 24 மணி நேர எண் அவர் கையில் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால், மலையில் இருக்கும் முதலாளிக்கு லைன் கிடைக்கும் வரை காத்திராமல் கணக்கை முடக்கிவிட, ஊருக்குக் கிளம்பும் முன்பே அவருக்கு அனுமதி கொடுத்திருக்க வேண்டும்.