நிக்கிற கிளைடர் ஏன் கிளம்பிடுது?

இன்னைக்கு இன்ஜின் இல்லாத விமானத்தைப் பத்திப் பேசப்போறோம். அதுவும் அது பறக்காம சும்மா நிக்கிற நேரத்தைப் பத்தி.

தரையில இருக்கோமா, வானத்துல இருக்கோமான்னு இறக்கைக்குத் தெரியாது. காற்று அதுமேல ஓடினா தூக்கும், அவ்வளவுதான். ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஷ்லைகர் நிறுவனத்தோட ஏஎஸ்கே 21-ஐ எடுத்துக்கோங்க. பயிற்சிக்கான ரெண்டு சீட் கிளைடர். இறக்கையோட மொத்த அகலம் 17 மீட்டர், பரப்பு சுமார் 18 சதுர மீட்டர், காலி எடை சுமார் 360 கிலோ.

லிஃப்ட் கோஎஃபிஷியன்ட் 1-ன்னு வச்சுக் கணக்குப் போட்டா, மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று சுமார் 78 கிலோவைத் தூக்கும். 60 கிலோமீட்டர்னா 310 கிலோ! வேகம் ரெண்டு மடங்கானா விசை நாலு மடங்கு. 65-ஐத் தொட்டா மொத்த கிளைடரும் எழும்பலாம். இடிமழைக்கு முன்னாடி வீசுற காற்று இதைச் சுலபமா தாண்டும்.

அதனால சில விஷயங்கள். கொஞ்ச நேரம் நிறுத்தினா, காற்று வர்ற பக்கத்து இறக்கையைத் தரையில சாய்ச்சு மேல எடை வைக்கணும். அது தூக்கலா இருந்தா காற்று அடியில புகுந்து புரட்டிடும். நீண்ட நேரம்னா ரெண்டு இறக்கை நுனிகளையும் வாலையும் கட்டணும். இறக்கைக்கு அடியில கட்டுற வளையம் இருந்தா அதையே பயன்படுத்துங்க. மேல சுத்திக் கட்டுறதா இருந்தா ஸ்ட்ராப்புக்கு அடியில ஃபோம் வைங்க.

ராட்செட்டை முறுக்கி இறுக்காதீங்க. ஃபைபர் கிளாஸ் இறக்கையோட பின் விளிம்பு மெலிசு, நசுங்கிடும். அதுக்காகத் தொளதொளன்னும் விடக்கூடாது. கிளைடர் கொஞ்சம் எழும்பி வெடுக்குனு இழுக்கும். அந்த இழுப்புலதான் ஸ்ட்ராப்போ முளையோ தோத்துப்போகும். ஆட்டம் இல்லாத அளவுக்கு இழுத்தா போதும். ஸ்ட்ராப் எவ்வளவு வலுவா இருந்தாலும் முளை பிடுங்கினா எல்லாம் வீண். மழையில ஊறின மண்ணுல முளை சீக்கிரம் வந்துடும், அதனால மழைக்கப்புறம் ஒரு தடவை ஆட்டிப் பாருங்க.

ஏர்பிரேக்கைத் திறந்து வைங்க. இறக்கைமேல எழும்புற அந்தத் தகடு காற்றோட்டத்தைக் கலைச்சு தூக்குற விசையைக் குறைக்கும். சுக்கானும் ஏலரானும் காற்றுல அடிச்சுக்காம லாக் பண்ணுங்க.

பெரும்புயல் வருதுன்னா? ஸ்ட்ராப்பை நம்பாதீங்க. ஹேங்கருக்குள்ள தள்ளுங்க, இல்லன்னா இறக்கையைக் கழட்டி டிரெய்லர்ல ஏத்துங்க. மேகம் கறுக்குறதுக்கு முன்னாடியே!